"பழைய ஹார்பரா, புது ஹார்பரா?" - ஆட்டோவில் தூத்துக்குடி உலா

தூத்துக்குடி ரெயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் காதில் விழும் முதல் கேள்வி இதுதான்.

"அண்ணாச்சி, பழைய ஹார்பரா, புது ஹார்பரா?"

நெல்லையில் இருந்து வருகிறவர் திருதிருவென்று விழிப்பார். கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன் முந்திக் கொள்வான்.

"கப்பல் பாக்கணும்!"

"எந்தக் கப்பல் தம்பி?"

"வ.உ.சி. ஓட்டின கப்பல்!"

ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே, "ஏறுங்க, போய்ப் பாப்போம்" என்பார். இந்தக் கேள்வியை அவர் கேட்பது முதல் தடவை அல்ல. பள்ளிக்கூடத்தில் பாடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் கேட்பதுதான். அந்தக் கப்பல் எங்கே? அதைத் தேடிப் போவதற்குள் முத்துநகரம் முழுவதையும் பார்த்துவிடலாம்.

50 கிலோமீட்டர் தூரம்தான்!

நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர் தூரம்தான். 1986-ம் ஆண்டு அக்டோபர் 20-ந்தேதி வரை இரண்டும் ஒரே மாவட்டம். கோர்ட்டு வேலை, கலெக்டர் ஆபீஸ் வேலை என்று அந்த ஊர்க்காரர்கள் நெல்லைக்கு வந்து கொண்டே இருந்தார்கள். ஆனால் துறைமுகத்தைப் பார்ப்பதற்கென்றே நெல்லையில் இருந்து போனவர்கள் எத்தனை பேர்? குற்றாலத்துக்குப் போவார்கள், திருச்செந்தூருக்குப் போவார்கள். தூத்துக்குடியைக் கல்யாண வீட்டுக்கும் துட்டி வீட்டுக்கும் போய்விட்டுத் திரும்பும் ஊராகவே வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் லீவு போட்டால் போதும். பஸ்சிலும் போகலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களுக்கு ரெயில்தான் நல்லது. ஏனென்றால் வழியில் மணியாச்சி வருகிறது.

1911-ம் ஆண்டு ஜூன் 17-ந்தேதி கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றது இந்த ஸ்டேஷனில்தான். ரெயில் பெட்டியில் மனைவியுடன் உட்கார்ந்திருந்த ஆஷைச் சுட்டுவிட்டு, வாஞ்சி தன்னையும் சுட்டுக் கொண்டார். இப்போது ஸ்டேஷனின் பெயரே வாஞ்சி மணியாச்சி. இந்தச் சம்பவத்துக்கும் தூத்துக்குடி கப்பலுக்கும் தொடர்பு உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் ரேட்டு

ஆட்டோவில் ஏறும் முன்பு ரேட்டைப் பேசி முடித்துவிட வேண்டும். "பாத்துக் குடுங்க" என்று ஆட்டோக்காரர் சொன்னாலும், "சரி" என்று ஏறிவிடக் கூடாது. இறங்கும்போது இருவருக்கும் மனஸ்தாபம் வரும்.

பேச வேண்டியது மூன்று விஷயம். எத்தனை இடம்? எவ்வளவு நேரம்? காத்திருப்பதற்குத் தனிக் காசு உண்டா?

"பழைய ஹார்பர் ஊருக்குள்ளேயே இருக்கு. புது ஹார்பர் ஊரைத் தாண்டிப் போவணும். போக வர பெட்ரோலு இருக்குல்லா? ரெண்டையும் சேத்து மொத்தமாப் பேசிக்கிடுவோம் அண்ணாச்சி."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு துறைமுகமும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள்தான் ஏமாந்துபோவார்கள். வ.உ.சி. பெயர் பெரிதாக எழுதியிருக்கும் இடம் புதுத் துறைமுகம். வ.உ.சி. கப்பல் விட்ட இடம் பழைய துறைமுகம். வரலாறு பார்க்க வந்தவர் புதுத் துறைமுக வாசலுக்குப் போய் நின்றால், துப்பாக்கி ஏந்திய காவலரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆட்டோவில் சட்டப்படி மூன்று பேர்தான் ஏறலாம். குடும்பம் பெரிதாக இருந்தால் இரண்டு ஆட்டோ பிடிப்பது நல்லது.

தேனீயின் பேரப்பிள்ளை

கார் இருக்க ஆட்டோ எதற்கு என்று கேட்கலாம். தூத்துக்குடியின் பழைய தெருக்கள் மாட்டுவண்டிக் காலத்தில் போட்டவை. பஞ்சு மூட்டைக்கும் உப்பு மூட்டைக்கும் உண்டான தெருக்கள். அங்கே கார் திணறும். ஆட்டோ வளைந்து நெளிந்து போய்விடும். கண்ணாடி கிடையாது. கடல் காற்று நேராக முகத்தில் அடிக்கும். கருவாட்டு வாசனையும் கூடவே வரும்.

இந்த மூன்று சக்கர வண்டியின் பூர்வீகம் இத்தாலி. இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிக் கிடந்த அந்த நாட்டில், சாமான் ஏற்றிச் செல்ல மலிவான வண்டி தேவைப்பட்டது. 1948-ல் பியாஜியோ கம்பெனி தனது வெஸ்பா ஸ்கூட்டரின் பின்னால் ஒரு பெட்டியை வைத்து மூன்று சக்கரமாக்கியது. அதற்கு ‘ஆப்பே' என்று பெயர் வைத்தது. இத்தாலி மொழியில் வெஸ்பா என்றால் குளவி. ஆப்பே என்றால் தேனீ. நம் ஊரில் "ஆப்பே ஆட்டோ" என்கிறோமே, அந்தப் பெயர்தான்.

ஆட்டோவில் ஊர் சுற்றிப் பார்ப்பதும் புதிது அல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் வெள்ளைக்காரர்கள் ‘திரீ வீலரில்' ஏறி கோட்டையையும் காலிமுகத் திடலையும் சுற்றி வருகிறார்கள். போர்ச்சுக்கல் நாட்டின் துறைமுக நகரமான லிஸ்பனிலும் மேடும் பள்ளமுமான தெருக்களில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுவது இதே மூன்று சக்கர வண்டிதான். அந்த லிஸ்பனில் இருந்து கப்பல் ஏறி வந்தவர்கள்தான் ஒரு காலத்தில் தூத்துக்குடியைப் பிடித்தார்கள்!

மணிலாவில் இருந்து வந்த மாதா

ஆட்டோ முதலில் நிற்பது பனிமய மாதா ஆலயத்தின் முன்பு.

வெள்ளை வெளேரென்று நிற்கும் இந்தக் கோவிலுக்கு எல்லா மதத்தினரும் வருகிறார்கள். உள்ளே இருக்கும் மாதா சொரூபம் 1555-ம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் இருந்து கப்பலில் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் நம்பிக்கை. இப்போதுள்ள ஆலயம் 1713-ல் கட்டி முடிக்கப்பட்டது. 1982-ல் இதை போப் 2-ம் ஜான் பால் ‘பசிலிக்கா' அந்தஸ்துக்கு உயர்த்தினார்.

ஆண்டுதோறும் ஜூலை 26-ந்தேதி கொடி ஏறும். ஆகஸ்டு 5-ந்தேதி திருவிழா. அந்த நாட்களில் ஊருக்குள் ஆட்டோ நகராது. 1806-ல் முதன்முதலாகத் தங்கத் தேர் ஓடியது. தங்கத் தேர் ஆண்டுதோறும் ஓடுவது கிடையாது. எப்போதாவதுதான் ஓடும். 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் ஓடியபோது ஊரே திரண்டு நின்றது.

போர்ச்சுக்கீசியர் வந்த காலத்தில் இந்தக் கடற்கரை முத்துக்குப் பேர் போனது. முத்துக் குளித்தவர்கள் பரதவர்கள். 1530-களில் அவர்கள் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் வந்து போர்ச்சுக்கீசியரை விரட்டினார்கள். 1825-ல் ஊர் முழுமையாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆள வந்தவர்கள் மாறினார்கள். கடலில் மூழ்கியவர்கள் மாறவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சிவன் கோவில். சங்கரராமேசுவரர், பாகம்பிரியாள் சன்னதி. பக்கத்திலேயே பெருமாள் கோவில். பாட்டி கூட வந்திருந்தால் இங்கே அரை மணி நேரம் ஆகும். "மெதுவாக் கும்பிட்டுட்டு வாங்க ஆச்சி. நான் நிக்கேன்" என்பார் ஆட்டோக்காரர். அதற்குத்தான் காத்திருக்கும் காசை முதலிலேயே பேச வேண்டும் என்பது.

இரண்டு வி.ஓ.சி.

அடுத்தது பழைய துறைமுகம். பையன் ஆட்டோவில் இருந்து எட்டிப் பார்ப்பான்.

துறைமுகப் பகுதியில் டச்சுக்காரர்கள் 1750-ல் கட்டிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. இங்கிலீஷ் சர்ச் என்றும், திரித்துவ ஆலயம் என்றும் சொல்வார்கள். டச்சுக்காரர்களின் கிழக்கிந்திய கம்பெனிக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயரைச் சுருக்கினால் வி.ஓ.சி. என்று வரும். வெளிநாட்டுக் கம்பெனியாக வந்த ஒரு வி.ஓ.சி. ஆண்ட ஊரில், வெளிநாட்டுக் கம்பெனியை எதிர்த்து இன்னொரு வி.ஓ.சி. கிளம்பினார். அவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். வக்கீல். நல்ல வருமானம். பேசாமல் இருந்திருந்தால் பங்களா கட்டியிருக்கலாம்.

அப்போது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர்கள் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார். அவர்கள் வைத்ததுதான் கட்டணம். உள்ளூர் வியாபாரிகள் பணிந்து போக வேண்டியிருந்தது. இதைப் பொறுக்காமல் வ.உ.சி. 1906-ம் ஆண்டு அக்டோபரில் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்கு. அந்தக் காலத்து 10 லட்சம்!

ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். வாடகைக்கு எடுத்த கப்பலை வெள்ளைக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். சொந்தக் கப்பல் இல்லாமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று சபதம் போட்டு பம்பாய்க்குப் போனார். 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடி ஜனங்கள் கடற்கரையில் கூடி ஆரவாரம் செய்தார்கள்.

ஓசிப் பயணம், கூடவே குடை!

பிறகு நடந்ததை ஆட்டோக்காரர்களிடம் கேட்டால் ரசித்துச் சொல்வார்கள். ஏனென்றால் சவாரிப் போட்டி அவர்களுக்குத் தெரிந்த சங்கதி.

"நம்ம ஸ்டாண்டுல ஒருத்தன் ரேட்டைக் கொறச்சா என்ன ஆவும்? அதேதான் அண்ணாச்சி அன்னைக்கும்."

வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாயாகக் குறைத்தது. வ.உ.சி. எட்டணா ஆக்கினார். உடனே அவர்கள், "டிக்கெட்டே வேண்டாம். சும்மா வாருங்கள். கூடவே ஒரு குடையும் தருகிறோம்" என்றார்கள். ஓசியில் ஏற்றிக் குடையும் கொடுக்கப் பெரிய முதலாளிக்கு முடியும். 25 ரூபாய்ப் பங்கு சேர்த்து நடத்தும் கம்பெனிக்கு எப்படி முடியும்?

வியாபாரத்தில் மடக்கியது போதாமல் சட்டத்தாலும் மடக்கினார்கள். 1908-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந்தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். சுமார் ஒரு வாரத்தில் தொழிலாளர்கள் வென்றார்கள். மார்ச் 12-ந்தேதி தலைவர்கள் கைது. மறுநாள் நெல்லையில் கடை அடைப்பு, கலவரம், துப்பாக்கி சூடு. நான்கு பேர் செத்தார்கள். நெல்லையில் இருந்து தூத்துக்குடியைப் பார்க்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தூத்துக்குடிக் கப்பலுக்காக நெல்லை வீதியிலும் ரத்தம் சிந்தியிருக்கிறது.

வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மொத்தம் 40 ஆண்டுகள். மேல் கோர்ட்டில் பிறகு குறைத்தார்கள். கோவை ஜெயிலில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கு இழுக்க வைத்தார்கள்.

தலைவர் உள்ளே போனதும் கம்பெனி ஆட்டம் கண்டது. 1911-ல் கலைக்கப்பட்டது. கப்பல்கள் விற்கப்பட்டன. அதே ஆண்டுதான் மணியாச்சி ஸ்டேஷனில் ஆஷ் சுடப்பட்டார். 1908-ல் தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்து சுதேசி இயக்கத்தை ஒடுக்கியவர் அவர். அந்த ஆஷுக்கு பழைய துறைமுகப் பகுதியில் தூண்கள் வைத்துக் கட்டிய நினைவு மண்டபம் இன்றும் இருக்கிறது.

"அப்போ வ.உ.சி. கப்பல் எங்கே?" பையன் மறுபடியும் கேட்பான்.

வ.உ.சி. இழுத்த செக்கு சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அவர் விட்ட கப்பல் எங்கும் இல்லை.

மிதக்கும் தோணிகள்

பழைய துறைமுகத்தில் பையனுக்கு ஆறுதலாக ஒன்று உண்டு. அது தோணி.

மரத்தால் கட்டிய பெரிய வண்டி மாதிரி வரிசையாக மிதக்கும். வெங்காயம், காய்கறி, கட்டிட சாமான்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும். முன்பெல்லாம் கொழும்புக்கும் நிறையப் போய் வந்தன. அந்தக் காலத்தில் பாய் விரித்துக் காற்றில் ஓடியவை, இப்போது என்ஜினில் ஓடுகின்றன. மழைக்கும் புயலுக்கும் பயந்து சில மாதங்கள் கடலுக்குப் போகாமல் நிற்கும்.

1876-ல் மதுரையில் இருந்து தூத்துக்குடிக்கு ரெயில் வந்தது. சென்னையில் ரெயில் ஏறி, தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்புக்குப் போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன எத்தனையோ நெல்லைச் சீமைக் குடும்பங்கள் கடைசியாகத் தாய்நாட்டைப் பார்த்தது இந்தக் கடற்கரையில்தான். 1914-ல் தனுஷ்கோடி வழி திறந்ததும் தூத்துக்குடியின் மவுசு குறைந்தது.

2011-ம் ஆண்டு ஜூனில் கொழும்புக்கு மறுபடியும் பயணிகள் கப்பல் விட்டார்கள். கப்பலின் பெயர் ஸ்கோஷியா பிரின்ஸ். கூட்டம் சேரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே நின்றுவிட்டது.

முத்து எங்கே?

கடற்கரைச் சாலையில் ரோச் பூங்கா வந்ததும் ஆட்டோவை நிறுத்தி இளைப்பாறலாம். 1923-ல் தூத்துக்குடிக்கு ஆயரான ரோச் ஆண்டகையின் பெயர் தாங்கிய பூங்கா. லத்தீன் முறைக் கத்தோலிக்கத் திருச்சபையில் இந்தியர் ஒருவர் ஆயராக வந்தது அந்தக் காலத்தில் பெரிய செய்தி.

பெண்கள் இங்கே கேட்பது முத்து.

"முத்துநகர்னு சொல்றீங்களே, முத்து எங்க கிடைக்கும்?"

கடைகளில் கிடைக்கும். ஆனால் அது தூத்துக்குடிக் கடலில் குளித்து எடுத்த முத்து அல்ல. பாண்டியர் காலத்தில் கொற்கையில் தொடங்கிய முத்துக் குளிப்பு, 1961-ம் ஆண்டோடு நின்று போனது. சிப்பிப் படுகைகளில் பழையபடி சிப்பி சேரவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சிப்பியை வளர்த்து முத்து உண்டாக்கிக் காட்டினார்கள். இந்தியாவிலேயே அது முதல் தடவை. சங்கு மட்டும் இன்னும் குளிக்கிறார்கள். இங்கே எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் அங்குள்ள சுமங்கலிப் பெண்களின் கையில் வளையலாக ஏறுகிறது.

கொற்கை இப்போது கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கிராமம். தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய மண்ணால் கடல் விலகிப் போனது. அடுத்து காயல் துறைமுகமானது. மார்க்கோ போலோ வந்து பார்த்த காயல். அதுவும் தூர்ந்தது. அதன் பிறகுதான் தூத்துக்குடி. ஆக, தூத்துக்குடியைத் துறைமுகமாக்கியதே தாமிரபரணி ஆறுதான் என்றால் மிகை அல்ல.

குடிக்கும் தண்ணீர் நம்ம தண்ணீர்

துறைமுகம் தந்த ஆறு குடிதண்ணீரும் தந்தது. சுற்றிலும் கடல். ஊருக்குள் தோண்டினால் உப்பு. குடிதண்ணீருக்கு ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தவர் நகரசபைத் தலைவராக இருந்த ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து. வல்லநாட்டில் இருந்து குழாய் போட்டுத் தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டு வந்தார். 1927-ல் திட்டம் நிறைவேறியது. அவருக்கு ஊரில் சிலை வைத்திருக்கிறார்கள்.

டீக்கடையில் ஆட்டோவை நிறுத்தி தண்ணீர் வாங்கிக் குடிக்கும் நெல்லைக்காரருக்கு, அது தன் ஊர் வழியாக வந்த ஆற்றுத் தண்ணீர் என்று தோன்றாமல் இருக்காது.

அதே ஆறு ஒரு தடவை அழவும் வைத்தது. 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18-ந்தேதிகளில் கொட்டிய மழையை யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ரெயிலோடு மாட்டிக் கொண்டார்கள். தூத்துக்குடித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் புகுந்த ஆட்டோவின் என்ஜினைக் கழற்றிக் காய வைத்தவர்களுக்குத்தான் அந்த நஷ்டம் தெரியும்.

வெயிலில் விளையும் பயிர்

ஊரைத் தாண்டிப் புதுத் துறைமுகம் போகும் வழியில் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர். கரையில் அம்பாரம் அம்பாரமாக வெள்ளை உப்பு. கண் கூசும்.

தமிழ்நாட்டு உப்புக்குத் தூத்துக்குடிதான் தலைநகர். உப்புத் தண்ணீரைப் பாத்தியில் தேக்கி வைப்பார்கள். வெயிலும் காற்றும் அதை வற்றச் செய்யும். அடுத்த பாத்திக்கு மாற்றுவார்கள். கடைசிப் பாத்தியில் உப்பு படியும். நீளக் கம்பில் பலகை பொருத்தி அதை வாரிக் கரையில் சேர்ப்பார்கள். நெல்லுக்கு மழை வேண்டும். உப்புக்கு மழை ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் நெல்லை விவசாயி வானத்தைப் பார்த்து மகிழ்கிறபோது, உப்பளத் தொழிலாளி வேலையில்லாமல் வீட்டில் இருப்பார்.

விடியும் முன்பே வேலைக்கு வந்துவிடுகிறார்கள். பாதி ஆட்கள் பெண்கள். கால் உப்பில் ஊறி வெடிக்கும். வெள்ளை வெயிலில் கண் பழுதாகும். நாம் மளிகைக் கடையில் உப்புக்கு மட்டும் பேரம் பேசுவது இல்லை. அதன் விலையே அவ்வளவு குறைவு!

"இங்கன இறங்கிப் போட்டோ எடுப்பாங்க. எடுக்கட்டும். ஆனா, வேலை செய்யுற பொம்பளயாளுகள எடுக்கணும்னா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுவேன்" என்று சொல்லும் ஆட்டோக்காரர் கிடைத்தால், அவர் நல்ல வழிகாட்டி.

வாசல் வரைதான்

புதுத் துறைமுகத்தின் பெரிய வாசலில் ஆட்டோ நின்றுவிடும்.

கடலுக்குள் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு கல் சுவர்களை நீட்டி, அலையை அடக்கிக் கட்டிய துறைமுகம் இது. 1974-ம் ஆண்டு ஜூலை 11-ந்தேதி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டினார்கள். நிலக்கரி வந்து இறங்குகிறது. கண்டெய்னர்கள் போகின்றன. அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் வானத்தைத் தொடுகின்றன. நீளமான லாரியில் காற்றாலை இறக்கை போவதைப் பார்த்தால் பையன் வாயைப் பிளப்பான்.

காவல் காப்பது மத்திய தொழில் பாதுகாப்புப் படை. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. "எனக்கு ஆளைத் தெரியும், உள்ளே கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது தனியாகக் காசு கேட்டால் கொடுத்து ஏமாற வேண்டாம்.

அப்படியானால் கப்பல்?

அதற்கும் வழி உண்டு. ஆட்டோவைத் திருப்பித் துறைமுகக் கடற்கரைக்கு விடச் சொல்ல வேண்டும். பக்கத்தில்தான் முயல் தீவு. காணும் பொங்கல் அன்று ஊர் ஜனம் கட்டுச்சோற்றைக் கட்டிக்கொண்டு போகும் இடம். சாயங்கால நேரம் மணலில் உட்கார்ந்தால், உள்ளே வர முறைக்காகக் காத்திருக்கும் கப்பல்கள் தூரத்தில் நிற்பது தெரியும். இருட்ட இருட்ட ஒவ்வொன்றிலும் விளக்கு எரியும்.

பையன் எண்ணுவான். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

மக்ரூனும் பரோட்டாவும்

திரும்பும்போது மக்ரூன் வாங்காமல் வரக் கூடாது. முட்டையின் வெள்ளைக் கரு, சீனி, முந்திரிப் பருப்பு. இவ்வளவுதான் சரக்கு. குட்டிக் கோபுரம் மாதிரி இருக்கும். வாயில் போட்டால் கரையும். ஈரக் காற்றுப் பட்டால் பிசுபிசுத்துப் போகும். அதனால் டப்பாவில் காற்றுப் புகாமல் கட்டித்தரச் சொல்ல வேண்டும். முந்திரி மரத்தை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தவர்களும் போர்ச்சுக்கீசியர்கள்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு "நைட் கிளப் போவோமா?" என்று ஆட்டோக்காரர் கேட்பார். குடும்பத்தோடு வந்தவர்கள் பதற வேண்டாம். தூத்துக்குடியில் பரோட்டாக் கடைக்குத்தான் நைட் கிளப் என்று பெயர்! பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றுவார்கள்.

சிலையும் சவாரியும்

1912-ம் ஆண்டு டிசம்பரில் ஜெயிலில் இருந்து வ.உ.சி. வெளியே வந்தார். வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் அரிசி வியாபாரம் பார்த்தார், மண்எண்ணெய் விற்றார். கஷ்ட ஜீவனம். பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திரும்பக் கொடுத்தார். அந்த நன்றிக்காக வ.உ.சி. தன் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரன் ஆட்சியைத்தான் அவர் வெறுத்தார் என்பதற்கு இந்த ஒரு பெயர் போதும்.

கடைசியில் தூத்துக்குடிக்கே வந்து சேர்ந்தார். 1936-ம் ஆண்டு நவம்பர் 18-ந்தேதி இதே ஊரில் கண் மூடினார். கடன் இருந்தது. கப்பல் இல்லை.

இன்று துறைமுகத்துக்கு அவர் பெயர். கல்லூரிக்கு அவர் பெயர். மார்க்கெட்டுக்கு அவர் பெயர். 150-வது பிறந்த ஆண்டையொட்டி 2021-ல் மேலப் பெரிய காட்டன் ரோட்டுக்கும் அவர் பெயர் அறிவித்தார்கள். ஆட்டோ எந்தத் தெருவில் திரும்பினாலும் அவர் பெயர் கண்ணில் படும்.

ரெயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, பேசிய காசை வாங்கிக்கொள்வார் ஆட்டோக்காரர். எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைப்பார்.

"கப்பல் பாத்தியா தம்பி?"

"ஏழு கப்பல்! ஆனா அதுல வ.உ.சி. கப்பல் இல்ல."

"எங்க அப்பாவ இதே கேள்வி நானும் கேட்டேன். பெரிய ஆளாயி நீ ஒண்ணு விடு. நான் ஸ்டேஷன்ல இருந்து ஆள் ஏத்திட்டு வாரேன்."

ஆட்டோ கிளம்பிவிடும். அடுத்த ரெயில் வரும் நேரம்.